இதய, வளர்சிதை மாற்ற நோய்த் தடுப்புக்கான பல்துறை கிளினிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்போ பக்கவாதமோ திடீரென்று வந்ததாகத்தான் குடும்பத்தார் சொல்வார்கள். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன், சிறுநீரகப் பாதிப்பு என்று பத்துப் பதினைந்து வருடங்களாக அது உள்ளே வேலை செய்துகொண்டே இருந்திருக்கும். அந்தக் காலத்திலேயே பல துறையினர் சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் கிளினிக்கைத் தொடங்க நினைக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் நிர்வாகிகளும் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இது கிளினிக்கை நடத்துவது பற்றிய தொகுப்பு. உங்களுக்கே இந்த நோய்கள் இருந்தால், மருந்தைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

1. பல்துறை கிளினிக் என்றால் என்ன? நாலு ஸ்பெஷலிஸ்ட் ஒரே மாடியில் உட்கார்ந்தால் போதாதா?

போதாது. இதய மருத்துவர், சர்க்கரை மருத்துவர், சிறுநீரக மருத்துவர், உணவியல் நிபுணர் நால்வரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தும் நோயாளி நான்கு சீட்டுகளோடு வெளியே வருகிறார் என்றால், அங்கே நடப்பது நான்கு கிளினிக்குகள்தான். அவருக்கு நடக்கிற தூரம் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

ஒரு நோயாளிக்கு ஒரே சிகிச்சைத் திட்டம், ஒரே மருந்துப் பட்டியல், அந்தத் திட்டம் நடக்கிறதா என்று பார்க்க ஒரே பொறுப்பாளர். இந்த மூன்றும் இருந்தால், மருத்துவர்கள் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தாலும் அது பல்துறை கிளினிக். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றைச் சுற்றித்தான் இருக்கும்.

2. தனித்தனியாக நல்ல டாக்டர்கள் இருக்கிறார்களே, எல்லாவற்றையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

உடம்புக்குள் இவை தனித்தனியாக நடப்பதில்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது, அழற்சியைத் தூண்டுகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஏறிய சர்க்கரையும் அழுத்தமும் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைச் சேதப்படுத்துகின்றன. சேதமான சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை இன்னும் ஏற்ற, அந்தச் சுமை இதயத்தின் மேல் விழுகிறது. 2023-இல் அமெரிக்க இதயச் சங்கம் இவை அனைத்தையும் ‘இதய-சிறுநீரக-வளர்சிதை மாற்றக் கூட்டுநோய்’ என்று ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்து, 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரித்தது.

மருந்துகளும் துறை எல்லையைத் தாண்டிவிட்டன. எம்பாக்ளிஃப்ளோசின் சர்க்கரைக்காக வந்த மருந்து. 2015-இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் இதய நோய் மரணங்களை அது 38 சதவீதம் குறைத்தது. இன்று எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் எனப்படும் அந்த வகை மருந்துகள், சர்க்கரை இல்லாதவர்களுக்கும்கூட இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் தரப்படுகின்றன. சரி, இதை யார் எழுதுவது? சர்க்கரை மருந்துதானே என்று இதய மருத்துவர் விட்டுவிடுகிறார், இதயத்துக்கான காரணம்தானே என்று சர்க்கரை மருத்துவர் விட்டுவிடுகிறார். கடைசியில் யாரும் எழுதுவதில்லை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: பையோகிளிட்டசோன் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் உடலில் நீரைத் தேக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது ஆகாது. இதயப் பரிசோதனை முடிவைப் பார்க்காத ஒருவர் அதை எழுதிவிட வாய்ப்பு உண்டு.

3. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டியது டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு. இரண்டாம் வகை சர்க்கரை நோயோடு சிறுநீரில் சிறிதளவு புரதமும் போய்க்கொண்டிருந்த 160 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவை மருத்துவர், செவிலியர், உணவியல் நிபுணர் அடங்கிய குழு பார்த்தது. சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி, புகை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். சராசரியாக 7.8 வருடங்கள் கழித்து, 2003-இல் வெளியான முடிவின்படி, குழு பார்த்த பிரிவில் இதய, ரத்தநாள நிகழ்வுகளின் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 21 வருடத் தொடர்கண்காணிப்பின் முடிவு 2016-இல் வந்தது. அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட நடுவெண் கணக்கில் 7.9 வருடங்கள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எஸ்ஜிஎல்டி2 மருந்துகள் வருவதற்கு முன்பே தொடங்கிய ஆய்வு அது. அன்று எல்லாருக்கும் கிடைத்த மருந்துகளை விடாமல், ஒழுங்காகப் பயன்படுத்தியதில் கிடைத்த ஆயுள் அது.

2008-இல் வெளியான யூரோ-ஆக்‌ஷன் ஆய்வு எட்டு ஐரோப்பிய நாடுகளில் நடந்தது. செவிலியர் ஒருங்கிணைக்க, நோயாளியோடு அவருடைய துணைவரையும் சேர்த்துக்கொண்டார்கள். உணவு, உடல் உழைப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. 2023-இன் கோஆர்டினேட் ஆய்வு இன்னும் நேரடியானது. அமெரிக்காவில் 43 இதய கிளினிக்குகளில், சர்க்கரையும் ரத்தநாள நோயும் சேர்ந்து இருந்தவர்களுக்குத் தர வேண்டிய மூன்று வகை மருந்துகளும் எழுதப்படுகின்றனவா என்று பார்த்தார்கள். ஒருங்கிணைப்பு இருந்த இடங்களில் 37.9 சதவீதம் பேருக்கு எழுதப்பட்டிருந்தன, மற்ற இடங்களில் 14.5 சதவீதம் பேருக்கு. மாரடைப்பும் மரணமும் குறைந்தனவா என்று தீர்மானிக்கும் அளவுக்கு அந்த ஆய்வு பெரியதல்ல. அதேசமயம், ஒருங்கிணைத்த இடங்களிலும் பத்தில் ஆறு பேருக்கு மூன்றும் போய்ச் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. யாரைச் சேர்ப்பது? பிரஷர் இருக்கிற எல்லாரையும் சேர்த்தால் கூட்டம் தாங்காதே?

தாங்காது, தேவையும் இல்லை. ரத்த அழுத்தம் மட்டும் சற்று ஏறி, ஒரே மாத்திரையில் கட்டுப்படுகிறவரைக் குடும்ப மருத்துவரே நன்றாகப் பார்த்துக்கொள்வார். மேலே சொன்ன நிலைகளை வைத்தே வாசலைத் தீர்மானிக்கலாம். நிலை 0 என்றால் அபாயக் காரணிகள் எதுவும் இல்லை. நிலை 1-இல் கூடுதல் கொழுப்பு அல்லது சர்க்கரைக்கு முந்தைய கட்டம். நிலை 2-இல் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரக நோய் போன்றவை வந்துவிட்டன. நிலை 3-இல் அறிகுறி காட்டாத இதய, ரத்தநாளப் பாதிப்பு, அல்லது அதற்கு இணையான மிகை அபாயம். நிலை 4-இல் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை ஏற்கெனவே நேர்ந்துவிட்டன.

தடுப்பு கிளினிக்கின் முழு உழைப்பும் நிலை 2-இன் மேல்பகுதிக்கும் நிலை 3-க்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. சர்க்கரையோடு சிறுநீரில் புரதம் போகிறவர்கள், இரண்டு மூன்று நோய்கள் சேர்ந்து இருந்தும் எதுவும் இலக்குக்கு வராதவர்கள், இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தில் கொழுப்பு மிக அதிகமாக உள்ளவர்கள் ஆகியோருக்கு முதலிடம் கொடுங்கள். பேறுகாலத்தில் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வந்து பிரசவத்துக்குப் பிறகு ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்பப்பட்ட பெண்களைப் பெரும்பாலான பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. பிற்காலத்தில் அவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுதல் என்பது நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். தயவுசெய்து அவர்களைச் சேருங்கள்.

5. எங்களிடம் இதய நிபுணர் கிடையாது. அவர் இல்லாமல் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஒரு பொது மருத்துவர், ஒருங்கிணைப்பாளராக ஒரு செவிலியர், வாரத்தில் சில மணி நேரம் ஒரு உணவியல் நிபுணர், ஒரு மருந்தாளுநர் என்று நான்கு பேர் இருந்தால் கிளினிக் உருவாகிவிடும். இதயம், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் வெளியில் இருக்கலாம். ஆனால் அவர்களைத் தொடர்புகொள்ள ஒரு நிச்சயமான வழியும் குறிப்பிட்ட நேரமும் வேண்டும். ‘தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்’ என்கிற ஏற்பாடு நிலைக்காது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி வழிகாட்ட ஒரு பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர், புகையை விட உதவுபவர் ஆகியோர் இரண்டாம் கட்டத்தில் சேரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஹார்ட்ஸ் கையேடுகளும் மருத்துவர் அல்லாத பணியாளர்களுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுப்பதைத் தனி அங்கமாகவே வைத்திருக்கின்றன.

6. ஒருங்கிணைப்பாளர் என்று தனியாக ஆள் போட வேண்டுமா? ரிசப்ஷனில் இருப்பவரே பார்த்துக்கொள்ள மாட்டாரா?

மாட்டார், அது அவர் குற்றமும் அல்ல. ஒருங்கிணைப்பாளரின் வேலை நேரம் குறித்துக் கொடுப்பதோடு முடியாது. போன வாரம் எடுத்த பொட்டாசியம் முடிவு வந்ததா, வந்தது இயல்பா, இல்லையென்றால் யாருக்குச் சொல்லியாயிற்று, புது மாத்திரையை நோயாளி வாங்கினாரா, வாங்கியதை விழுங்குகிறாரா, வீட்டில் எடுத்த ரத்த அழுத்த அளவுகள் எப்படி இருக்கின்றன, உணவியல் நிபுணர் சொன்னதும் சிறுநீரக மருத்துவர் சொன்னதும் முரண்படுகின்றனவா? இவற்றைப் பின்தொடர மருத்துவ அறிவும் நேரமும் அதிகாரமும் வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள செவிலியர் என்கிறேன்.

அதிகாரம் என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேன். எழுதப்பட்ட நெறிமுறைக்குள் மருந்தளவைக் கூட்டிக் குறைக்கவும், பரிசோதனைக்கு எழுதவும், நிபுணரை நேரடியாக அழைக்கவும் அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் மருத்துவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் மூன்று வாரத்தில் நடக்க வேண்டிய மாற்றம் மூன்று மாதம் எடுக்கும். புது கிளினிக்கில் ஒரே ஒரு பதவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை இந்தப் பதவிக்குக் கொடுங்கள் என்றுதான் எப்போதும் சொல்கிறேன்.

7. முதல் தடவை வரும்போது என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

ரத்த அழுத்தத்தை ஒழுங்காக எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். இது அவ்வளவு பிழையாக நடக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் இருக்க, பேச்சில்லாமல் குறைந்தது இரண்டு முறை எடுக்க வேண்டும். கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டை வேண்டும். பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். பருமன் உள்ளவர்கள் அதிகம் வரும் கிளினிக்கில் பெரிய பட்டை இல்லாமல் இருப்பது மன்னிக்க முடியாத குறை.

பிறகு எடை, இடுப்புச் சுற்றளவு, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கொழுப்பு வகைகள், ரத்தத்தில் கிரியாட்டினினும் அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), ஈசிஜி. சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தை மறக்காதீர்கள். கிரியாட்டினின் இயல்பாக இருக்கும்போதே சிறுநீரகப் பாதிப்பைக் காட்டிக்கொடுப்பது இதுதான். கிராமுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால், ஒரே முடிவை நம்பாமல் மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளை வாழ்நாளில் ஒருமுறை அளந்தால் போதும், அது பெரும்பாலும் பரம்பரையால் தீர்மானிக்கப்படுவது. கல்லீரல் கொழுப்புக்கு, வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் ஃபிப்-4 நல்ல முதல் வடிகட்டி. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு (65 வயதுக்கு மேல் 2.0 என்று வைத்துக்கொள்வார்கள்).

குறட்டை, பகல் தூக்கம், மனச்சோர்வு, புகை, மது பற்றிய சின்னக் கேள்விகளும் இதே நாளில் வேண்டும். எக்கோ, ட்ரெட்மில், சிடி எல்லாவற்றையும் எல்லாருக்கும் முதல் நாளே எழுதுவது தடுப்பு ஆகாது. பதில் சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் எழுதுங்கள்.

8. ரிஸ்க் கால்குலேட்டர் எதை வைத்துக்கொள்வது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உங்கள் மக்களுக்குப் பொருந்தும் ஒன்றை எடுத்து, குழு முழுக்க அதையே பயன்படுத்துங்கள். ஐரோப்பாவின் ஸ்கோர்2 (2021), பிரிட்டனின் கியூரிஸ்க்3, உலக சுகாதார நிறுவனத்தின் வட்டார வாரியான அட்டவணைகள் (2019), அமெரிக்காவின் பிரிவென்ட் (2023) எல்லாம் உண்டு. பிரிவென்ட் இஜிஎஃப்ஆரையும் கணக்கில் எடுப்பதோடு, மாரடைப்பு, பக்கவாதத்தோடு இதயச் செயலிழப்பின் அபாயத்தையும் சொல்வதால் இந்த வகை கிளினிக்குக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஒரே நோயாளிக்கு ஒருவர் 6 சதவீதம் என்றும் இன்னொருவர் 11 சதவீதம் என்றும் சொன்னால் அவர் இருவரையும் நம்பமாட்டார்.

9. எல்லாரையும் ஒரே நாளில் பார்க்க வைப்பதா, தனித்தனி நாளில் வரச் சொல்வதா?

முதல் வருகையும் வருடாந்தர மறுஆய்வும் ஒரே நாளில் நடக்கட்டும். இடையில் வரும் வருகைகள் சிறியதாக, செவிலியரோடோ மருந்தாளுநரோடோ, முடிந்தால் தொலைபேசியிலேயே முடியட்டும். ரத்தப் பரிசோதனைகளை ஒரு வாரம் முன்பே எடுத்துவிட்டால், வரும் அன்று முடிவு கையில் இருக்கும். இந்த ஒரு ஏற்பாடே பல மறுவருகைகளைத் தேவையில்லாமல் ஆக்கிவிடும்.

ஒரே நாள் என்றால் ஐந்து பேர் ஐந்து முறை அதே கதையைக் கேட்பது என்று ஆகிவிடக் கூடாது. செவிலியர் முதலில் வரலாற்றையும் அளவுகளையும் எடுக்கிறார். மருந்தாளுநர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மருத்துவர் அவற்றைப் படித்துவிட்டுத்தான் நோயாளியை அழைக்கிறார். கிளினிக் தொடங்குமுன் பத்து நிமிடம், முடிந்தபின் இருபது நிமிடம் குழு கூட வேண்டும். அந்த இருபது நிமிடத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1-ஆம் பதிலில் சொன்ன ஒரே திட்டம் எழுதப்படுவது அப்போதுதான். நோயாளி அதன் நகலைத் தன் மொழியில், ஒரு பக்கத்துக்கு மிகாமல், கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

10. இதய டாக்டர் ஒன்று சொல்கிறார், கிட்னி டாக்டர் வேறு சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பெரும்பாலான முரண்பாடுகள் முன்கூட்டியே தெரிந்தவைதான். ஒரு பொதுவான உதாரணம்: ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டன் வகை மருந்து தொடங்கப்படுகிறது. இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுகிறது. பயந்துபோய் ஒருவர் நிறுத்துகிறார், அடுத்த வருகையில் இன்னொருவர் மறுபடி தொடங்குகிறார். தொடங்கிய முதல் சில வாரங்களில் 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை, பொட்டாசியம் கட்டுக்குள் இருந்தால், ஏற்றுக்கொள்ளலாம் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். எஸ்ஜிஎல்டி2 மருந்து தொடங்கும்போதும் இஜிஎஃப்ஆர் முதலில் சற்று இறங்கி, பிறகு நிலைப்படும். இதைக் குழு ஒரு பக்கத்தில் எழுதி அனைவரும் ஒப்புக்கொண்டிருந்தால் சண்டைக்கே இடமில்லை.

எழுதாத சூழ்நிலை வரும்போது சம்பந்தப்பட்ட மருத்துவர்கள் ஐந்து நிமிடம் பேசி முடிவெடுத்து, காரணத்தைப் பதிவில் எழுத வேண்டும். கடைசிச் சொல் யாருடையது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். நோயாளியின் முதன்மை மருத்துவர் யாரோ, அவருடையது. நோயாளியை நடுவே நிறுத்தி ‘அவரிடமே கேளுங்கள்’ என்று அனுப்பும் பழக்கம் இருக்கவே கூடாது.

11. ஏற்கெனவே ஒன்பது மாத்திரை சாப்பிடுகிறார். குழு சேர்ந்தால் இன்னும் நாலு கூடாதா?

கூடாமல் பார்ப்பதற்குத்தான் மருந்தாளுநர். அவர் ஒவ்வொரு மருந்துக்கும் இன்றைக்கும் காரணம் இருக்கிறதா என்று கேட்கிறார். எஸ்ஜிஎல்டி2 மருந்தோ, சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் ஜிஎல்பி-1 வகை மருந்தோ (பெரும்பாலும் ஊசி) சேரும்போது கிளிமெப்பிரைடு போன்ற பழைய சர்க்கரை மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மாரடைப்போ பக்கவாதமோ வராதவர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சாப்பிடும் ஆஸ்பிரினையும் மறுபடி யோசிக்க வேண்டும். 2018-இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளும், அப்படிப்பட்டவர்களிடம் ரத்தக்கசிவு அபாயம் பலனை ஏறக்குறைய விழுங்கிவிடுவதைக் காட்டின.

இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையும் உதவும். 2022-இன் செக்யூர் ஆய்வில், மாரடைப்பு வந்த முதியவர்களுக்கு ஆஸ்பிரின், ராமிப்ரில், அடோர்வாஸ்டாடின் மூன்றும் ஒரே மாத்திரையாகத் தரப்பட்டபோது இதய நிகழ்வுகள் 24 சதவீதம் குறைந்தன. ‘உடம்பு சரியில்லாத நாள்’ விதியையும் அட்டையில் அச்சிட்டுக் கொடுங்கள். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். எஸ்ஜிஎல்டி2 மருந்துகளை அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று நாட்களாவது (எர்டுக்ளிஃப்ளோசின் என்றால் நான்கு) நிறுத்த வேண்டும் என்பதும் அந்த அட்டையில் வர வேண்டும்.

12. எடை குறைய ஊசி வந்துவிட்டதே, இனி உணவியல் நிபுணர் எதற்கு?

ஊசியின் பலனில் சந்தேகமில்லை. 2023-இன் செலெக்ட் ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் இதய, ரத்தநாள நோயும் கூடுதல் எடையும் இருந்த 17,604 பேரிடம் ஜிஎல்பி-1 வகை ஊசியான செமாக்ளுடைடு இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. ஆனால் பசி குறையும்போது புரதமும் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். குமட்டலைச் சமாளிக்க எப்படிச் சாப்பிடுவது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். நிறுத்தினால் இழந்த எடையின் பெரும்பகுதி ஒரு வருடத்தில் திரும்புகிறது. இந்த மூன்று இடத்திலும் தேவைப்படுகிறவர் உணவியல் நிபுணர்தான்.

ஊசி போடாதவர்களுக்கும் அவர் வேண்டும். 2002-இல் வெளியான அமெரிக்க சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடல் உழைப்பையும் இலக்காக வைத்த குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் குழுவில் 31 சதவீதம். ‘நடங்க, இனிப்பைக் குறைங்க’ என்று ஒரு நிமிடம் சொன்னதில் வந்த பலன் அல்ல அது. ஒருவருக்கு ஒருவர் என்று பல அமர்வுகள் நடத்தினார்கள்.

13. முதல் தடவை ஆர்வமாக வருகிறார்கள், அப்புறம் வருவதே இல்லை. என்ன செய்வது?

‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று பதிவில் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். வராதவரை ஒருங்கிணைப்பாளர் ஒரு வாரத்துக்குள் அழைத்து, ஏன் வர முடியவில்லை என்று கேட்டு, காரணத்தைக் குறித்துவைக்க வேண்டும். வேலை நேரம், பயணம், செலவு, பக்கவிளைவு, போனமுறை யாரோ கடிந்துகொண்டது என்று காரணங்கள் சீக்கிரமே ஒரு வடிவம் காட்டும். மாலை நேர கிளினிக்கோ தொலைபேசி வருகையோ தீர்க்கக்கூடியவை அவற்றில் நிறைய.

மக்கள் இருக்கும் இடத்துக்குக் குழு போவதும் ஒரு வழி. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய் ரத்த அழுத்த மருந்து கொடுத்தார்கள். 2018-இல் வந்த முடிவில், ஆறு மாதத்தில் அந்தக் குழுவில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 27 புள்ளிகள் இறங்கியிருந்தது. அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 9.3 புள்ளிகள். முடிதிருத்துபவர் மேல் இருந்த நம்பிக்கையும், நெறிமுறைக்குள் மருந்தை மாற்ற மருந்தாளுநருக்கு இருந்த அதிகாரமும் (6-ஆம் பதிலைப் பாருங்கள்) சேர்ந்து செய்த வேலை அது.

14. ‘எங்கள் பேஷண்டை இழுத்துக்கொள்கிறீர்கள்’ என்று குடும்ப டாக்டர்கள் கோபப்படுகிறார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நோயாளியை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் ஒரு தகவலும் வராமல் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு பெரிய வருகைக்குப் பிறகும் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும்: என்ன மாற்றினோம், ஏன், அடுத்த பரிசோதனை எப்போது, அதை யார் எடுப்பது. கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

திருப்பி அனுப்பும் விதியும் முதல் நாளே தெரியட்டும். இலக்குகள் எட்டி ஆறு மாதம் நிலைத்தால் குடும்ப மருத்துவரிடமே திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அளவு மறுபடி இலக்கைத் தாண்டினாலோ புது நோய் சேர்ந்தாலோ வரிசையில் நிற்காமல் உள்ளே வரலாம். வெளியேறும் வழி இல்லாத கிளினிக் இரண்டு வருடத்தில் நிரம்பிவிடும், புதியவர்களுக்கு இடமே இருக்காது.

15. ஒருங்கிணைப்பாளருக்கும் உணவியல் நிபுணருக்கும் யார் பணம் கொடுப்பது?

இதுதான் பல கிளினிக்குகள் மூடப்படும் இடம். வருகைக்கு இவ்வளவு என்று பணம் வரும் அமைப்பில், தொலைபேசியில் ஒரு மாரடைப்பைத் தள்ளிப்போட்ட செவிலியரின் அரை மணி நேரத்துக்கு வருமானம் இல்லை. ஆளுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று தரும் காப்பீடோ அரசு நிதியோ இருந்தால் கணக்கு ஒத்துவரும். இல்லாவிட்டால் உணவு, உடற்பயிற்சி அமர்வுகளைக் குழுவாக நடத்துவதும், மருத்துவரின் நேரத்தை அவரால் மட்டுமே முடிகிற வேலைக்கு ஒதுக்குவதும்தான் வழி. நிர்வாகத்திடம் போகும்போது மருத்துவமனைச் சேர்க்கைகள் குறைவதைக் காட்டும் எண்களோடு போங்கள். ஆனால் தடுப்பின் பலன் வர வருடங்கள் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரே வருடத்தில் செலவு மிச்சமாகும் என்று வாக்குக் கொடுத்தால் அடுத்த வருட நிதியே ஆபத்தில் மாட்டிக்கொள்ளும்.

16. கிளினிக் நன்றாக நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சராசரி எச்பிஏ1சி குறைந்தால் போதுமா?

சராசரி ஏமாற்றும். கட்டுப்பாடு மோசமாக இருந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டாலே சராசரி அழகாகிவிடும். அதனால் சேர்ந்த அனைவரையும், நடுவில் நின்றவர்களையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அழுத்தம், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, சர்க்கரை மூன்றும் ஒன்றாக இலக்கில் இருப்பவர்கள் எத்தனை சதவீதம்? தர வேண்டிய மருந்துகள் அனைத்தும் கிடைத்தவர்கள் எத்தனை சதவீதம்? இயல்பற்ற முடிவு வந்ததிலிருந்து ஏதாவது மாற்றம் செய்ய எத்தனை நாள் ஆகிறது? இந்த மூன்றாவது எண், குழு உண்மையிலேயே குழுவாக வேலை செய்கிறதா என்பதைச் சொல்லிவிடும்.

தீங்கையும் எண்ண வேண்டும்: சர்க்கரை தாழ்ந்து போனவர்கள், தலைசுற்றி விழுந்தவர்கள், பொட்டாசியம் ஏறியவர்கள். இவற்றை வருமானப் பிரிவு, பாலினம், மொழி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். யாருக்குப் பலன் போய்ச் சேரவில்லை என்று அப்போது தெரியும்.

17. குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண் வந்தால் திட்டம் மாறுமா?

முழுக்க மாறும். கர்ப்பம் பற்றிய விருப்பத்தை முதல் வருகையிலேயே கேட்க வேண்டும். கேட்காமல் விடுவது இந்த வகை கிளினிக்குகளில் அடிக்கடி நடக்கும் தவறு. ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள் கருவைப் பாதிக்கும், எஸ்ஜிஎல்டி2 மருந்துகளும் கர்ப்பத்தில் தரப்படுவதில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினைப் பொதுவாக நிறுத்துவார்கள். செமாக்ளுடைடை, கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். மாற்று மருந்துகளுக்கு நகர்த்தி, சர்க்கரையையும் அழுத்தத்தையும் சரிசெய்த பிறகு கருத்தரிப்பதே பாதுகாப்பு. எனவே மகப்பேறு மருத்துவர் ஒருவரும் 5-ஆம் பதிலில் சொன்ன அழைப்புப் பட்டியலில் இருக்க வேண்டும்.

18. எண்பது வயதைத் தாண்டியவருக்கும் இதே இலக்குகளா?

வயதைவிட உடல் தளர்வு, ஞாபகம், கூட இருப்பவர் யார் என்பவைதான் தீர்மானிக்கும். நடமாட்டத்தோடு தெளிவாக இருப்பவருக்கு மற்றவர்களைப் போன்ற இலக்கு வைக்கலாம். பல நோய்களோடு தளர்ந்திருப்பவருக்கு எச்பிஏ1சி 8 சதவீதத்துக்குக் கீழே என்பதே போதுமானதாகக் கருதப்படுகிறது. அவருக்கு இன்றைய ஆபத்து சர்க்கரை தாழ்வதும் விழுந்து இடுப்பு முறிவதும்தான். நின்றபடி ரத்த அழுத்தம் எடுக்காமல் அவருக்கு மருந்தைக் கூட்டாதீர்கள். என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். இரவில் நான்கு முறை எழாமல் தூங்க வேண்டும் என்பார். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலே அது நடந்துவிடலாம்.

19. தொடங்கி ஒரு வருடம் ஆயிற்று. எல்லாரும் அவரவர் அறையிலேயே இருக்கிறார்கள், பழையபடி ஆகிவிட்டது. எங்கிருந்து சரிசெய்வது?

கடந்த மாதம் வந்தவர்களில் ஒரு பத்துப் பேரின் பதிவுகளை எடுத்துக் குழு முழுவதும் ஒரே மேசையில் உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்வி: ஒரே திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா? மருந்துப் பட்டியல் ஒன்றா, மூன்றா? போனமுறை ‘செய்ய வேண்டும்’ என்று எழுதியது நடந்ததா, நடக்கவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது? பெரும்பாலும் எல்லாமே ஓரிரு இடங்களில்தான் நின்றிருக்கும். ஒருங்கிணைப்பாளருக்கு வேறு பணி கொடுக்கப்பட்டிருக்கும், அல்லது முடிவில் கூடும் இருபது நிமிடம் மெதுவாகக் காணாமல் போயிருக்கும்.

அந்த ஒன்றை மட்டும் முதலில் திருப்பிக் கொண்டுவாருங்கள். அதே நேரத்தில் புது மென்பொருளோ புது நிபுணரோ வேண்டாம். மூன்று மாதம் கழித்து வேறு பத்துப் பதிவுகளை எடுத்து அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த முறை வேறொரு இடம் தென்பட்டால், அடுத்து அதைச் சரிசெய்யலாம்.